48 கட்டத்துக்குள் ஒரு தலையாட்டி பொம்மை

திருபுவனத்தில் பட்டுப் புடவைக்கு கிராப் போடுவது, அதாவது கட்டத்தாளில் டிசைன் வரைவது, என் வேலை. புட்டாவோ முந்தானைப் பூவோ, எதுவானாலும் முதலில் கட்டத்தாளில் ஏறிவிட்டுத்தான் தறிக்குப் போகும். அதனால் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய சயான் சீரிஸ் 3ஏ கைக்கு வந்ததும், அதன் திரையும் எனக்கு ஒரு கிராப் தாளாகத்தான் தெரிந்தது. 1993-இல் வந்த கையடக்கக் கணினி அது. அகலத்தில் 480 புள்ளி, உயரத்தில் 160. இரண்டு பென்டார்ச் செல் போட்டால் ஓடும். ஓபிஎல் என்ற நிரல்மொழி உள்ளேயே இருக்கிறது. ஐகானின் அளவு 48க்கு 48. அந்த அளவுக்குள் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஆடவைத்த முறையை எழுதுகிறேன்.

கணினியைத் திறக்கும் முன் பொம்மையைப் பாருங்கள். என்னிடம் இருப்பது தஞ்சை அரண்மனைப் பக்கம் வாங்கிய மண் ராஜா, உருண்டை அடி கொண்டவர். விரலால் தட்டிவிட்டு, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி அடிப்பாகத்தையே கவனித்தேன். நான் நினைத்திருந்தது போல அடி ஓரிடத்தில் நின்று தலை மட்டும் ஆடவில்லை. அடி உருள்கிறது. வலப்பக்கம் சாயும்போது வயிறும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்கிறது. தலை அதைவிட அதிக தூரம் போகிறது. என் முதல் படத்தில் அடியை நட்டுவைத்தது போல விட்டிருந்தேன். அது பொம்மையாகவே தெரியவில்லை, காற்றில் ஆடும் குச்சி போல இருந்தது.

சரி, கிராப் தாளுக்கு வருவோம். நேராக நிற்கும் ராஜாவை முதலில் வரையுங்கள்: மொத்த உயரம் 44 கட்டம், வயிற்று வட்டத்தின் அகலம் 32. இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கட்டும். கோடுகள் இரண்டு கட்டத் தடிமனாவது இருக்க வேண்டும். அந்தக் காலத்து எல்சிடி திரை மெதுவாகத்தான் மாறும். ஒற்றைக் கட்ட மீசை நகரும்போது கரைந்து போய்விடும்.

அடுத்தது வலப்பக்கம் முழுதாகச் சாய்ந்த படம். வயிற்று வட்டத்தை அப்படியே 4 கட்டம் வலப்பக்கம் தள்ளுங்கள். வட்டத்தின் நடுவிலிருந்து மேலே ஏற ஏற, 4 வரிக்கு ஒரு கட்டம் கூடுதலாகத் தள்ளிக்கொண்டே போங்கள். கிரீடத்தின் உச்சிக்கு வரும்போது 11 கட்டம் நகர்ந்திருக்கும். தரையைத் தொடும் வரி மட்டும் எந்தப் படத்திலும் மேலே ஏறவோ கீழே இறங்கவோ கூடாது. பாதி சாய்ந்த படத்துக்கு வட்டத்தை 2 கட்டம் தள்ளி, 8 வரிக்கு ஒரு கட்டம் கூட்டினால் போதும். இடப்பக்கப் படங்கள் இரண்டையும் வரைய வேண்டியதே இல்லை, கண்ணாடி பிம்பம்தான். ஒரு வரியில் கருப்பு தொடங்கும் எண்ணையும் (முதல் கட்டம் 0) நீளத்தையும் 48-லிருந்து கழித்தால் மறுபக்கத்தின் தொடக்கம் வந்துவிடும். ஆக, கையால் வரைவது மூன்று, கிடைப்பது ஐந்து.

இனி கணினி. ஓபிஎல்லின் ஜிகிரியேட்பிட் (gCREATEBIT) கட்டளையால் 240க்கு 48 அளவில் ஒரே ஒரு நீளப் படத்தை உருவாக்குங்கள். ஐந்து ராஜாக்களும் அதில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு வரியையும், எங்கே தொடங்குகிறது, எத்தனை கட்டம் என்று தாளைப் பார்த்துப் படித்து, இடத்துக்குப் போகும் ஜிஅட் (gAT), கோடு போடும் ஜிலைன்பை (gLINEBY) இரண்டாலும் போட வேண்டும். நான் எண்களை வாசிக்க, என் மகள் தட்டச்சு செய்தாள். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. முடிந்ததும் ஜிசேவ்பிட் (gSAVEBIT) போட்டுச் சேமியுங்கள்.

ஆட்டும் நிரல் சின்னது. ஜிலோட்பிட்டால் (gLOADBIT) படத்தை எடுத்து, திரையின் நடுவில் 216, 56 என்ற இடத்துக்குப் போய், ஜிகாப்பியால் (gCOPY) ஒவ்வொரு 48 கட்டத் துண்டாக அங்கே ஒட்ட வேண்டும். ஜிகாப்பியின் கடைசி எண் 3 ஆக இருக்கட்டும். பழையதை அழித்துப் புதியதை வைக்கும். நான் 0 கொடுத்திருந்தேன். அது கருப்பை மேலே மேலே சேர்க்க மட்டுமே செய்யும் என்பதால் ஐந்து ராஜாவும் ஒருவர்மேல் ஒருவராக அப்பிக்கொண்டார்கள்.

பொம்மைக்கு உயிர் வருவது அப்புறம்தான், நேரம் பிரிப்பதில். காத்திருக்கச் சொல்லும் பாஸ் (PAUSE) கட்டளையில் 1 என்றால் ஒரு நொடியின் 20-இல் ஒரு பங்கு. இடக்கோடியிலிருந்து 1, 2, 3, 4, 5, 4, 3, 2 என்று படங்கள் சுற்றும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் கடிகார முள் போல வெட்டி வெட்டி நகரும். கோடியில் இருக்கும் 1, 5 இரண்டுக்கும் 4 கொடுங்கள், 2, 4-க்கு 2, நடுவில் நிற்கும் 3-க்கு 1. பொம்மை கோடியில் ஒரு கணம் தயங்கித் திரும்பும், நடுவை விர்ரென்று கடக்கும். நடுப்படம் திரையில் லேசாக மங்குவதும் இங்கே நல்லதே.

அடங்கும்போது இன்னொரு விஷயம். முதலில் கோடிகளை விட்டு 2, 3, 4, 3 மட்டும் அதே பாஸ் எண்களோடு ஓட்டினேன். ராஜா நடுங்குவது போல இருந்தது. மறுபடியும் பொம்மையைத் தட்டி எண்ணிப் பார்த்தேன். ஆட்டம் சின்னதானாலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. பெரிய சுற்றின் பாஸ் எண்களைக் கூட்டினால் 18. ஆகவே சின்னச் சுற்றிலும் 2, 4-க்கு 7, 3-க்கு 2 கொடுத்து 18 ஆக்கினேன். பெரிய சுற்று மூன்று, சின்னச் சுற்று இரண்டு, பிறகு 3-இல் நிறுத்தினேன். மகள் கையைத் தட்டினாள்.

கிராப் தாளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்நினைவகம் செல்லை நம்பி இருப்பது; பெரிய செல்லும் உள்ளே இருக்கும் பொத்தான் செல்லும் சேர்ந்து தீர்ந்தால் எல்லாம் போய்விடும். எனக்கு ஒருமுறை அப்படிப் போனது. தாள் பீரோவில் இருந்ததால் அடுத்த சாயங்காலமே ராஜா திரும்பி வந்துவிட்டார்.