நேரடி இசை நிகழ்ச்சியைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தீபாவளியை ஒட்டிச் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற மண்டபத்தில் நடந்த இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். குழுவினரின் நண்பராக வந்திருந்த இளைஞர் ஒருவர், மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரின் பின்புறத்திலிருந்து இரண்டு கேபிள்களை இழுத்துத் தம் கையடக்க ரெக்கார்டரில் செருகினார், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார், முதல் பாடல் தொடங்கியதும் அவர் முகத்தில் நிறைவு தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதே நிறைவோடு ஒரு மிக்சர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் அவரிடம் சென்று, “தம்பி, ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்கு வந்து, பதிந்ததைப் போட்டுக் கேளுங்கள்” என்றேன். அரை நிமிடம் கேட்டவர், “தவில் எங்கே அண்ணே?” என்று கேட்டார்.

பேட்டரி தீர்ந்துபோவது, மெமரி கார்டை வீட்டில் விட்டுவிட்டு வருவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒருமுறை நேர்ந்தாலே போதும், மறுமுறை நேராது. கருவி ஒழுங்காக ஓடி, கோப்பும் ஒழுங்காகச் சேர்ந்து, வீட்டுக்கு வந்து கேட்கும்போது மட்டுமே தெரியவரும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

மிக்சரை மட்டும் நம்புவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால், இதைச் செய்பவர் அலட்சியத்தால் செய்வதில்லை, நல்ல பதிவு வேண்டும் என்ற அக்கறையாலேயே செய்கிறார். மண்டபத்தின் எதிரொலியும் குழந்தைகளின் அழுகையும் நாற்காலி இழுபடும் ஓசையும் கலக்காமல், மைக்கிலிருந்து நேராக வரும் சுத்தமான ஒலி மிக்சரில் கிடைக்கும்போது அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றுகிறது.

ஆனால் மிக்சரின் முதன்மை வெளியீட்டில் இருப்பது, மண்டபத்தில் குறைவாகக் கேட்பவற்றை ஈடுசெய்ய ஒலியமைப்பாளர் ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒலி மட்டுமே. இருநூறு பேர் அமரக்கூடிய மண்டபத்தில் தவிலுக்கும் பறைக்கும் உறுமிக்கும் டிரம்ஸுக்கும் ஸ்பீக்கரின் உதவி ஏறக்குறையத் தேவையே இல்லை. கிட்டாரின் ஆம்ப்ளிஃபையரும் மேடையிலிருந்தே பாதி மண்டபத்தை நிரப்பிவிடும். ஆகவே, திறமையான ஒலியமைப்பாளர் ஒலியளவை ஏற்றி இறக்கும் அவற்றின் ஃபேடர்களைக் கீழே வைத்துவிட்டு, குரலையும் கீபோர்டையும் புல்லாங்குழலையும் மட்டும் உயர்த்துவார். மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது சரியான அளவு. அந்த வெளியீட்டை அப்படியே பதிந்தாலோ, குரல் காதருகே வந்து பாடும், கீபோர்டு தெளிவாக இருக்கும், தாளம் மட்டும் அடுத்த அடுக்குமாடிப் புளோக்கில் யாரோ வாசிப்பதுபோல, பாடகரின் மைக்கில் கசிந்து விழுந்த அளவுக்கே கேட்கும். மண்டபம் சிறுக்கச் சிறுக்க இந்தக் கோளாறு பெருகும். பெரிய திறந்தவெளி மேடைகளில் எல்லா வாத்தியங்களும் மைக் வழியாகவே மக்களைச் சென்றடைவதால், அங்கே மிக்சர் பதிவு ஓரளவு சமநிலையோடு அமையும். அப்படி ஒருமுறை நல்ல பதிவு கிடைத்தவர்தான் அதே முறையைச் சமூக மன்றத்துக்கும் கொண்டுவந்து ஏமாந்துபோகிறார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்ததும் அதுவே. எங்கள் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்த தவில் கலைஞர் ஒருவர், தோள்வலி காரணமாக அந்த நிகழ்ச்சியோடு மேடையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். பதிவு செய்யும் பொறுப்பை நானே விரும்பிக் கேட்டு வாங்கினேன். இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில், அவர் தனியாக வாசித்த பத்து நிமிடங்களின் முடிவில் மண்டபமே எழுந்து நின்றது. வீட்டில் கேட்டபோது அந்தப் பத்து நிமிடங்களும், அணைக்கப்படாத குரல் மைக் வழியே வந்த மெல்லிய தட்டொலியாக இருந்தன. கைதட்டல் அதைவிடத் தொலைவில் கேட்டது. ஈக்வலைசர், கம்ப்ரசர் என்று தெரிந்ததையெல்லாம் பல இரவுகள் போட்டுப் பார்த்தேன். தவிலை உயர்த்தினால் அதே மைக்கில் இருந்த ஏசி இரைச்சலும் உடன் உயர்ந்தது. அவருடைய மகள் பிரதி கேட்டு இரண்டு முறை அழைத்தார். மூன்றாவது அழைப்புக்குக் காத்திராமல் நேரில் சென்று உண்மையைச் சொன்னேன். பெரியவர், “பரவாயில்லை தம்பி, வாசித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது” என்றார்.

நிகழ்ச்சி முழுவதும் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தும் எனக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனாக இருந்தாலும், சில மீட்டர் தொலைவில் முழங்கும் தவிலின் ஒலி அதைத் தாண்டி நேராகக் காதுக்குள் வந்துவிடும். தாழ்ந்த அதிர்வுகளை உடலே உணரும். பதிவில் இல்லாத தவில் மண்டபத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்ள, கேட்பவர் அனைத்தும் பதிவாகிறது என்று நம்பிவிடுகிறார். ஆகவே, ஒலிச்சோதனையின்போது இரண்டு நிமிடம் பதிந்து, மண்டபத்தின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்க் கேட்டாக வேண்டும். அந்த இளைஞரை நான் தாழ்வாரத்துக்கு அழைத்தது இதற்காகத்தான்.

தீர்வு அரிதானதன்று. ஸூம் எச்4என், எச்5, எச்6 போன்ற ரெக்கார்டர்களில் முகப்பிலேயே இரண்டு மைக்குகள் இருக்கின்றன. அவற்றோடு வெளியிலிருந்து வரும் இரண்டு இணைப்புகளையும் தனித்தனித் தடங்களில் ஒரே நேரத்தில் பதியலாம். மிக்சரின் ஒலி இரண்டு தடங்களிலும், மண்டபத்தின் ஒலி இரண்டு தடங்களிலும் சேரட்டும். ரெக்கார்டரை மிக்சர் மேசைமேல் படுக்க வைத்துவிடாமல், தலைகளுக்கு மேலே உயரும் ஸ்டாண்டில் பொருத்தி, மண்டபத்தின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கில், நடுக்கோட்டுக்கு அருகே நிறுத்துங்கள். சுவரை ஒட்டியோ பால்கனிக்குக் கீழேயோ வைத்தால் தாழ்ந்த ஒலிகள் திரண்டு முழங்கும். மிக்சரிலிருந்து ஸ்டாண்ட் வரை போகும் கேபிளைத் தரையோடு டேப்பால் ஒட்டுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். பாட்டிமார் நடக்கும் வழி அது.

வீட்டில் இரண்டையும் சேர்க்கும்போது ஒரு வேலை இருக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகும். மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்கை அது அடைய ஏறக்குறைய 35 மில்லிவினாடி ஆகிறது. மிக்சரின் ஒலியோ கேபிள் வழியே உடனே வந்துவிடுகிறது. அப்படியே கலந்தால் ஒவ்வோர் அடியும் இரட்டிக்கும், குரல் குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகும். நிகழ்ச்சிக்கு முன் ஒருவரை மேடை மைக்கின் முன்னால் நிறுத்தி ஒருமுறை கை தட்டச் சொல்லுங்கள். இரண்டு தடங்களிலும் கூரான முனையாகத் தெரியும் அந்தத் தட்டலை வைத்து, மிக்சர் தடத்தை அந்த அளவுக்குத் தாமதப்படுத்திப் பொருத்திவிடலாம். மண்டப ஒலியை அடித்தளமாக வைத்து, சொற்கள் தெளியும் அளவுக்கு மட்டும் மிக்சர் ஒலியைச் சேர்ப்பது என் வழக்கம். மண்டப ஒலியைக் கைப்பேசியில் தனியாகப் பதிந்து பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை என்பதை அறிய வேண்டும். பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லிவினாடி விலகிவிடும். முதல் பாடலில் பொருந்தியது கடைசிப் பாடலில் பொருந்தாது.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. அது ஒலியமைப்பாளரின் மனத்தைப் பொறுத்தது. தவிலுக்கும் ஒரு மைக் வைத்து, அதன் ஃபேடரைக் கீழேயே விட்டுவிட்டு, மிக்சரின் துணை வெளியீடான ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் வழியாக ரெக்கார்டருக்கு மட்டும் அனுப்பலாம். ஃபேடருக்கு முன்னரே பிரியும் ஒலி என்பதால், மண்டபத்தில் கேட்காவிட்டாலும் பதிவில் விழும். இதை நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம் இருக்கையில் கேட்காதீர்கள். அப்போது அவருக்கு மூச்சுவிடவும் நேரம் இருக்காது. முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, ரெக்கார்டிங்குக்கு ஒரு ஆக்ஸ் ஒதுக்க முடியுமா? கேபிள், ஸ்டாண்ட் எல்லாம் நான் கொண்டுவருகிறேன்” என்று கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

லைன் ஒலியை மைக் துளையில் செருகுவது

மைக் தருவது சில மில்லிவோல்ட். தொழில்முறை மிக்சரின் வெளியீடு, அதாவது லைன் ஒலி, வழக்கமான அளவிலேயே 1.2 வோல்ட் அளவில் இருக்கும், அதாவது நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. அதை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகினால் மைக்கின் சிறு ஒலியைப் பெருக்க உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் முதல் அடியிலேயே நசுங்கிவிடும். கருவியின் அமைப்பைப் பொறுத்து, பதிவளவுச் சக்கரம் அந்தப் ப்ரீஆம்ப்பைத் தாண்டிய இடத்தில் ஒலியைக் குறைப்பதாக இருந்தால், அதைக் குறைத்தும் பயனில்லை. மீட்டர் சிவப்பைத் தொடாமல் அமைதியாக நிற்கும். ஆனால் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மலையுச்சிகளைக் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும். பல ரெக்கார்டர்களில் இருவகைச் செருகிகளும் பொருந்தும் கூட்டுத் துளையில், மூன்று முனை எக்ஸ்எல்ஆர் மைக்குக்கும், நடுவிலுள்ள கால் அங்குல டிஆர்எஸ் லைனுக்கும் உரியவை. உங்கள் கருவியின் கையேட்டைப் பார்த்து அதற்கேற்ற கேபிளை வாங்குங்கள். எக்ஸ்எல்ஆர் மட்டுமே வாய்க்கும் இடங்களுக்காக, 20 டெசிபல் குறைக்கும் சிறு அட்டென்யுவேட்டர் இரண்டைப் பையில் போட்டு வையுங்கள். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் இசைக்கருவிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு நிகழ்ச்சியை இழப்பதோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் வெள்ளி பெரிதன்று.

ஃபேண்டம் பவர்

இது சில வகை மைக்குகளுக்குக் கேபிள் வழியே அனுப்பப்படும் 48 வோல்ட் மின்சாரம். மிக்சரிலிருந்து ஒலி எடுக்கும் ரெக்கார்டர் துளைகளில் அதை அணைத்து வையுங்கள்.

ஒத்திகையின் அளவை நிகழ்ச்சிக்கும் வைப்பது

ஒத்திகையில் யாரும் முழு மூச்சில் வாசிப்பதில்லை. மக்கள் நிறைந்து கைதட்டல் எழுந்ததும் தவிலும் நாதஸ்வரமும் எத்தனை உயரும் என்பதை வாசிப்பவரே அறியமாட்டார். மீட்டரின் மேல் எல்லை 0 என்பதால், ஒத்திகையின் உச்சம் மைனஸ் 18 டெசிபலில் நிற்கும்படி வைத்தால், நிகழ்ச்சியில் அது மைனஸ் 6 வரை ஏறினாலும் இடம் இருக்கும். 24 பிட்டில் பதியும்போது இவ்வளவு தாழ்வாக வைப்பதால் இரைச்சல் கூடிவிடும் என்ற அச்சம் வேண்டாம். மண்டபத்தின் ஏசி இரைச்சல் கருவியின் இரைச்சலைவிடப் பல மடங்கு உரத்தது. தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். ஆலாபனையின் மென்மையை அது மேலே தூக்கும். தாளம் விழுந்ததும் குரலையும் சேர்த்து அமுக்கும். இரண்டுக்கும் இடையில் இசைக்குழு வேண்டுமென்றே உருவாக்கிய ஏற்ற இறக்கம் அழிந்துபோகும். அளவு மீறினாலும் ஒலியை வெட்டாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: மிக்சருக்குள்ளேயே சிதைந்துவிட்ட ஒலியை அந்தக் கருவி சிதைந்தபடியேதான் பதியும்.

எம்பி3 வடிவில் பதிவது

வேண்டாம். எம்பி3 போல் ஒலியைச் சுருக்காத 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. நான்கு தடங்களுக்கு 2 ஜிபி. அந்த இடம் எந்தக் கார்டிலும் இருக்கிறது.

சார்ஜரைச் செருகியபடி பதிவது

சிங்கப்பூரின் மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைவது. மிக்சர் ஒரு சுவர்ப் பிளக்கிலும் ரெக்கார்டரின் சார்ஜர் இன்னொரு பிளக்கிலும் இருந்து, இரண்டையும் ஒலிக் கேபிள் இணைக்கும்போது, எர்த் இணைப்பில் ஒரு வளையம் உருவாகி அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் பதிவில் ஏறிவிடக்கூடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு திருமண விருந்தில், அலங்கார விளக்குகளை ஏற்றியதும் இந்த முனகல் எழுந்ததைக் கேட்டிருக்கிறேன். ரெக்கார்டரைப் புதிய பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் நேரடி மின் இணைப்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியை இடையில் போடுங்கள். மின் பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்தால் முனகல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேடையில் மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது.

காற்று

எஸ்பிளனேட் கலை மையத்தின் திறந்தவெளி அரங்கைப் போல நீர்க்கரையில் அமைந்த மேடைகளுக்குக் காற்றின் இரைச்சலைத் தடுக்க, கருவியோடு வரும் மெல்லிய நுரை உறை போதாது. ரோம உறை தேவை. புளோக்கின் கீழ்த்தளத்தில் சுழலும் ஸ்டாண்ட் மின்விசிறிக்கும் இது பொருந்தும்.

அனுமதி

பதிவதற்கு முன் குழுவிடமும், வெளியிடுவதற்கு முன் மறுபடியும், கேட்டுப் பெறுங்கள்.

கடைசிப் பாடல் முடிந்ததும் நிறுத்துவது

கைதட்டல் தேய்ந்து, ஒருவர் மைக்கில் நன்றி சொல்லி, நாற்காலிகள் நகரத் தொடங்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு நிறுத்தும் பொத்தானை அழுத்தி, கோப்பு எழுதப்பட்டதைத் திரையில் பார்த்த பின்னரே கேபிளைக் கழற்றுங்கள். எழுதி முடியுமுன் மின்சாரம் போனால் கோப்பின் தலைப்பகுதி முழுமையடையாமல், கணினி அதைத் திறக்க மறுக்கலாம். நீண்ட பதிவை ரெக்கார்டர் 2 ஜிபிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கும். இரண்டாவது கோப்பின் பெயரைப் பார்த்து, தவறுதலாகப் பதிந்தது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். நிகழ்ச்சியின் பின்பாதி அதில் இருக்கிறது.