பிழைச்செய்தி வராத தவறுகள்: கட்டளை வரியில் அறிவியல் அனிமேஷன் செய்கிறவர்களுக்கு

டெர்மினலில் கட்டளை தப்பாகி ஒரு பிழைச்செய்தி வந்தால் அதற்கு நான் கவலைப்படுவதே இல்லை. எடுத்துத் தேடினால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். நான் பயப்படுவது வேறு வகைக்கு. கட்டளை ஒழுங்காக ஓடி முடிகிறது, வீடியோவும் வருகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது, ஆனால் அதில் ஓடுவது உண்மையில் நடந்தது இல்லை. அறிவியல் படத்தில் இதைவிட மோசமான தவறு கிடையாது, ஏனென்றால் பார்க்கிறவர் அதை நம்பிவிடுவார்.

ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம், அளவு 9.1. அதற்குப் பின் மார்ச் 31 வரை அந்தப் பகுதியில் வந்த அதிர்வுகளை எல்லாம் வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தோன்றவிட்டால், சுமத்ராவின் வடமுனையிலிருந்து அந்தமான் வரை சுமார் 1300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு எங்கெல்லாம் ஓடியது என்று கண்ணுக்கு முன்னால் கோடு போட்ட மாதிரி தெரியும். தரவு அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வரைவதற்கு ஜெனரிக் மேப்பிங் டூல்ஸ், சுருக்கமாக ஜிஎம்டி. 1980-களின் கடைசியில் பால் வெசல், வால்டர் ஸ்மித் என்ற இரண்டு மாணவர்கள் லாமான்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தில் தொடங்கியது, இன்றும் கடலியல், நிலவியல்காரர்களின் கையில் இருக்கிறது. வீடியோவாகக் கோக்க எஃப்எஃப்எம்பெக். இரண்டுமே கட்டளை வரிக் கருவிகள், இரண்டுமே சொன்னதைச் சொன்னபடி செய்பவை. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

முதல் சிக்கல் தரவைத் திறந்த உடனேயே வரும். இறக்கிய சிஎஸ்வி ஃபைலில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய பட்டியல்) நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு என்று இந்த வரிசையில் இருக்கும். ஜிஎம்டிக்கோ தீர்க்கரேகைதான் முதலில் வேண்டும். மாற்றாமல் அப்படியே கொடுத்தால் 3.3 வடக்கு, 95.98 கிழக்கு என்பதை அது கிழக்கே 3.3 என்று எடுத்துக்கொள்ளும், அந்தப் புள்ளி உங்கள் வரைபட எல்லைக்குள்ளேயே வராது, எல்லைக்கு வெளியே இருப்பதை ஜிஎம்டி சத்தமில்லாமல் தள்ளிவிடும். கடற்கரை வரும், கட்டங்கள் வரும், அதிர்வு மட்டும் ஒன்றுகூட வராது. வெற்று வரைபடமாவது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிற இடங்களில் புள்ளி வேறு எங்கோ போய் அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, அந்த ஃபைல் புதியது மேலே, பழையது கீழே என்றுதான் வரும். ஒரு வரிக்கு ஒரு ஃபிரேம் என்று லூப் போட்டவர்களின் அனிமேஷன் மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடியும்.

ஆனால் வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஒரு வரிக்கு ஒரு ஃபிரேம் என்பதே தவறு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். டிசம்பர் 26 அன்று ஒரே நாளில் வந்த அதிர்வுகள் ஏராளம், பிப்ரவரியில் பல நாள்களில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆளுக்கு ஒரு ஃபிரேம் கொடுத்தால் முதல் நாள் இழுத்துக்கொண்டே போகும், பிப்ரவரி ஓடி மறையும், அதிர்வுகள் மாதக்கணக்கில் ஒரே சீராக வந்துகொண்டிருந்த மாதிரி தெரியும். பின்னதிர்வுகளின் அடிப்படைக் குணமே நாள் போகப்போகக் குறைவதுதான், அந்த உண்மையையே அனிமேஷன் அழித்துவிடும். கணினி உருவகப்படுத்தலில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பள்ளம் இருக்கிறது: மென்பொருள் தேவைக்கேற்ப நேர இடைவெளியைக் குறைத்தும் கூட்டியும் ஃபைல் எழுதியிருக்கும், அதை ஃபைலுக்கு ஒரு ஃபிரேமாகக் கோத்தால் வெடிப்பு மெதுவாகவும் அமைதியான கட்டம் வேகமாகவும் ஓடும். ஃபிரேம் கடிகாரத்தின்படி நகர வேண்டும், ஃபைலின்படி இல்லை.

அதனால் நான் கணக்கை முதலில் காகிதத்தில் போட்டுக்கொள்வேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஃபிரேம், வினாடிக்கு 24 ஃபிரேம். அப்படியென்றால் திரையில் ஒரு வினாடி என்பது ஒரு நாள், யாருக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். தொடக்கம் டிசம்பர் 26 என்று வைத்தால் பெரிய அதிர்வு முதல் வினாடி பிறப்பதற்குள் வந்து போய்விடும், பார்க்கிறவர் தவறவிடுவார். டிசம்பர் 25-இலிருந்து தொடங்கினால் ஒரு வினாடி கடல் அமைதியாக இருக்கும், அப்புறம் அது வரும். ஆக 97 நாள், 2328 ஃபிரேம், 97 வினாடி.

நேரம் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். தரவில் இருப்பது உலகப் பொது நேரம். அதில் அந்த அதிர்வு 00:58:53, நம் கடிகாரத்தில் காலை 6:28:53. படத்தின் மூலையில் நேரத்தை எழுதும்போது எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசம் சிறியதில்லை. அன்று காலை நம் கரைக்கு அலை வந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து நினைவில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படம் தப்பாகத் தெரியக்கூடாது.

ஒவ்வொரு அதிர்வையும் காட்டும் வட்டத்தின் அளவுக்கு வருவோம். ஜிஎம்டியில் வட்டத்தின் அளவு இயல்பாக சென்டிமீட்டரில், விட்டமாக எடுத்துக்கொள்ளப்படும். அதிர்வின் அளவை அப்படியே கொடுத்தால் 5 அளவுள்ள அதிர்வுக்கு 5 சென்டிமீட்டர் வட்டம், படம் முழுக்க மூடிவிடும். உடனே பத்தால் வகுத்துச் சரி செய்தாயிற்று என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அதிர்வின் அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது, 4.5-க்கும் 9.1-க்கும் வட்டத்தில் இரண்டு மடங்குதான் வித்தியாசம் என்றால் படம் அந்த மலையை மேடாக்கிவிட்டது என்று அர்த்தம். முழு ஆற்றலையும் வட்டத்தில் காட்ட முடியாதுதான். மடங்கு மடங்காக வளரும் ஒரு சூத்திரத்தை வைத்து, எது எவ்வளவு என்று பக்கத்தில் மாதிரி வட்டங்களைப் போடுவதுதான் நியாயம்.

நிறத்தை ஆழத்துக்கு வைப்பது வழக்கம். வானவில் நிறங்களை விட்டுவிடுங்கள். மஞ்சள் வருகிற இடத்தில் தரவில் இல்லாத ஒரு விளிம்பு இருப்பதாகக் கண் நம்பும், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதிப் படம் கலங்கிவிடும். பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப், 2017-இல் வந்த 2.0 பதிப்பில் ஜெட் என்ற பழைய வானவில் நிறத்தட்டைத் தூக்கிவிட்டு விரிடிஸ் என்ற நிறத்தட்டை இயல்பாக வைத்ததற்குக் காரணம் இதுதான். ஜிஎம்டியில் பேட்லோ என்ற நிறத்தட்டும் இருக்கிறது. எந்த நிறத்தட்டானாலும் அதன் எல்லையை ஒரே ஒரு தடவை, எல்லா ஃபிரேமுக்கும் வெளியே நிர்ணயித்துவிடுங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் கருவியே எல்லையைக் கண்டுபிடிக்க விட்டால் நேற்று 40 கிலோமீட்டராக இருந்த பச்சை இன்று 15 ஆகிவிடும். க்னூபிளாட் என்ற வரைபடக் கருவியில் அச்சுகளுக்கும் இதே கதை, எல்லை கொடுக்காவிட்டால் அச்சு துள்ளிக்கொண்டே இருக்கும்.

நிறத்தைச் சரியாக வைத்த பிறகும் ஒரு விஷயம் கண்ணை ஏமாற்றும். நிறைய அதிர்வுகள் 10 கிலோமீட்டர், 33 கிலோமீட்டர் என்று ஒரே ஆழத்தில் குவிந்திருக்கும். பூமி அப்படி நடந்துகொள்ளவில்லை, ஆழத்தைக் கணக்கிடப் போதுமான தகவல் இல்லாதபோது பட்டியல் தயாரிப்பவர்கள் வைக்கும் நிலையான எண்கள் அவை. அவற்றை மங்கலாகவோ சாம்பல் நிறத்திலோ போடுங்கள். அதேபோல முதல் சில மணி நேரத்தில் சிறிய அதிர்வுகள் குறைவாகத் தெரிவதும் அமைதி இல்லை, பெரிய அலைகளுக்குள் சின்னவை புதைந்து பதிவாகாமல் போனதுதான். 5-க்கு மேல் மட்டும் எடுத்தால் இந்தக் குறை ஓரளவு அடங்கும்.

இப்போது கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள் வருவோம், பலர் கையில் இருப்பது பாஷ். சிஎஸ்வியில் நெடுவரிசைகளை மாற்ற ஆக் (awk) கட்டளையை எழுதும்போது அதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால், மூன்றாம் நெடுவரிசையைக் குறிக்கும் டாலர் 3 என்பதை ஆக் பார்க்கும் முன்பே பாஷ் எடுத்துக்கொள்ளும், அதற்கு அப்படி ஒன்றும் தெரியாது, வெறுமையாக்கிவிடும், ஒரே ஒரு நெடுவரிசையைக் கேட்டிருந்தால் ஆக் முழு வரியையும் அச்சடிக்கும். ஒற்றை மேற்கோள்தான் போட வேண்டும். க்னூபிளாட் கட்டளைகளை ஷெல் ஸ்கிரிப்டுக்குள் வைத்து எழுதுகிறவர்களும் டாலர் குறி விஷயத்தில் இதே இடத்தில்தான் விழுவார்கள். க்னூபிளாட்டில் இன்னொன்று, 1/2 என்று எழுதினால் விடை 0. இரண்டும் முழு எண் என்பதால் பின்னத்தை வெட்டிவிடும், 1.0/2 என்று எழுதுங்கள். எல்லாக் கோர்களையும் பயன்படுத்த ஒரே நேரத்தில் பல ஃபிரேம்களை ஓடவிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பெயரில் தற்காலிக ஃபைல் வைத்தால் ஒரு ஃபிரேமின் புள்ளி இன்னொன்றில் ஏறும். பெயரோடு ஃபிரேம் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

ஃபிரேம்களை எப்போதும் தனித்தனி பிஎன்ஜியாக எழுதுங்கள், நேராக வீடியோவாக வேண்டாம். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெயரில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் நிரப்பி 0002, 0010 என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஷெல்லின் அகரவரிசையில் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

எஃப்எஃப்எம்பெக்கில் அதிகம் பேர் இடறுவது கொடியின், அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் குறிப்பின், இடத்தில். ஒரு கொடி எந்த ஃபைலுக்கு என்பதை அது நிற்கும் இடம்தான் முடிவு செய்கிறது. பட வரிசையைப் படிக்கும் வேகத்தை உள்ளீட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வினாடிக்கு 25 என்று எடுத்துக்கொள்ளும். 24 என்பதை உள்ளீட்டுக்குப் பின்னால் எழுதினால் நடப்பது இது: படங்களை 25 வேகத்தில் படிக்கும், 24 வேகத்தில் எழுதும், இடையில் மிஞ்சுகிற சுமார் 90 ஃபிரேம்களைத் தூக்கிப் போடும். வீடியோ ஓடும், 97 வினாடிக்குப் பதில் 93. யாரும் கவனிக்க மாட்டார்கள். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் இதே மாதிரி இன்னும் கடுமை, ‘அனிமேஷனை ஓட்டு’ என்ற கொடியைத் தொடக்க, முடிவு ஃபிரேம் எண்களுக்கு முன்னால் எழுதினால் அந்த எண்களைப் பார்க்காமலே ஓட்டிவிடும்.

அப்புறம் அனுப்பிய வீடியோ நண்பரின் ஃபோனில் ஓடவில்லை என்ற புகார். பிஎன்ஜியிலிருந்து செய்தால் ஹெச்.264 என்ற வீடியோ வடிவம் நிறத்தை முழு விவரத்தோடு வைக்கப் பார்க்கும், பல கருவிகளுக்கு அது ஓடாது. பிக்சல் வடிவத்தை ஒய்யுவி420பி என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதற்கு அகலமும் உயரமும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தைக் கத்தரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு ஃபிரேமையும் ஒவ்வொரு அளவில் வெட்டும். லூப்புக்குள் பட்டியலை வரிவரியாகப் படித்து எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டினால் அது அந்தப் பட்டியலையே விழுங்கி முதல் வீடியோவோடு நின்றுவிடும். நோஸ்டிடின் (-nostdin) கொடியைப் போட்டால் தீர்ந்தது.

ஒருமுறை இரவு முழுக்க 2328 ஃபிரேமையும் ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் நிறப்பட்டையின் தலைப்பு படத்துக்கு வெளியே போயிருந்தது. அன்றிலிருந்து நான் முதலில் ஜிஎம்டியின் மூவி கட்டளையில் எம் கொடியை வைத்து ஒரே ஒரு ஃபிரேமை வரைந்து, பெரிதாக்கி, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்க்கிறேன். அப்புறம் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று. அதன் பிறகே டீமக்ஸ் என்ற கருவிக்குள் முழுவதையும் ஓடவிடுவது, தொலைக் கணினியோடு உள்ள எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

வீடியோ வந்த பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மார்ச் 28 அன்று உலகப் பொது நேரம் 16:09-க்கு நியாஸ் தீவுப் பக்கம் 8.6 அளவில் இன்னொரு பெரிய அதிர்வு வந்தது. உங்கள் வீடியோவில் அது 93-ஆவது வினாடியைத் தாண்டி, 94 ஆவதற்குள் தோன்ற வேண்டும், மூலையில் உள்ள நேரமும் அதையே சொல்ல வேண்டும். 90-ஆவது வினாடியை ஒட்டி வந்தால் வேகக் கொடி உள்ளீட்டுக்குப் பின்னால் நிற்கிறது, போய் முன்னால் வையுங்கள்.