பரணில் கிடக்கும் ஒட்டுப்போர்வையை மறுபடி கையில் எடுக்க

குழந்தை பிறக்கும் முன்பு ஆரம்பித்த குவில்ட், பாதி இணைத்த சதுரங்களும் பிட்டுத் துணியுமாக ஒரு மூட்டையில் பரண்மேல் கிடக்கும். சில வருடம் கழித்துத் தையலுக்குத் திரும்புகிறவர்கள் முதலில் இறக்குவது அந்த மூட்டையைத்தான். இறக்கலாம், ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். அன்று தையலுக்கு எவ்வளவு துணி விட்டோம் என்பது மறந்திருக்கும். இன்று கை வேறு அளவில் ஓடும். பழைய சதுரமும் புதிய சதுரமும் மூலைக்கு மூலை சேராது. பிரித்துப் பிரித்துத் தைத்துச் சலித்து, ஒரே வாரத்தில் மூட்டை பரணுக்கே போய்விடும்.

முழுதாகத் தைத்த கட்டங்களை மட்டும் அளந்து பாருங்கள். இருப்பதில் சிறியது எதுவோ, அந்த அளவுக்கு மற்றதையெல்லாம் நறுக்கினால்தான் இணையும். ஒன்றுக்கொன்று கால் இஞ்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குஷன் உறையாக்கிவிடுங்கள், மனம் நிம்மதியாகும். கஞ்சி போட்டு வைத்திருந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடிக்கும். அரித்த பொட்டு ஓட்டைகள் துவைத்த பிறகுதான் கிழிசலாகத் தெரியும்.

கை மறுபடி பழக, சின்னதாகப் புதியது ஒன்று தைப்பதே வழி. 36 x 45 இஞ்ச் சரியான அளவு, மடியில் போட்டுத் தைக்கலாம். டபுள்காட் போர்வையை எடுத்தால் விரிக்கவே ஓர் அறையைக் காலி செய்ய வேண்டிவரும்.

அடுக்கு மூன்று: சதுரங்களை இணைத்த மேல்துணி, உள்ளே சேலை, அடியில் பின்துணி. மேல்துணிக்கு 5 இஞ்ச் சதுரம் 80 வேண்டும்: வரிசைக்கு 8, மொத்தம் 10 வரிசை. கால் இஞ்ச் தையலுக்குப் போனபின் ஒவ்வொன்றும் நாலரை இஞ்சாக நிற்கும். 44 இஞ்ச் அகலத் துணியில் 5 இஞ்ச் பட்டை ஒன்றுக்கு 8 சதுரம் கிடைப்பதால், கடையில் வாங்கினாலும் எல்லா நிறமும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும். வாங்கத் தேவையும் இல்லை. ஆண்கள் சட்டை ஒன்றின் முதுகுப் பகுதியிலேயே 12 சதுரமாவது தேறும். உள்ளே வைக்கப் பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டர் சேலையை நாலாக மடித்தால் ஏறக்குறைய 54 x 45 இஞ்ச் வரும். மல், வாயில் மாதிரி மெல்லிய சேலைக்கு நாலு மடிப்பு சரி. கனமான கைத்தறி என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். நாலானால் ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும். பின்துணிக்கு ஒன்றரை மீட்டர் பாப்லின்.

சேலையில் சீக்கிரம் நைந்துபோவது உட்காரும் பகுதி. கட்டைவிரல் இரண்டையும் அருகருகே வைத்து இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அடுத்த சிக்கல் சுருக்கம். பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும், புது பாப்லின் இனிமேல்தான் சுருங்கும். துவைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் துவையலிலேயே பின்பக்கம் இழுத்து, மேல்பக்கம் அப்பளமாகப் பொங்கும். புதுத் துணி எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபிறகே வெட்டுங்கள். சிவப்பு, கருநீலம், சுங்குடி இவற்றை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி இந்த வேலைக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். இப்போதைய சாயங்களில் அதை நம்பி இறங்க முடியாது.

வருடக்கணக்கில் மூடிக் கிடந்த மெஷினில் நேராகத் தைக்க உட்காராதீர்கள். ஊசிக்குக் கீழுள்ள தகட்டைக் கழற்றினால் பற்களுக்கு இடையில் பஞ்சு, சாம்பல்நிறக் கம்பளி மாதிரி இறுகியிருக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் எடுங்கள். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நூல் கோக்காமல் ஒரு நிமிடம் ஓட்டி, பிறகு கழிவுத் துணியில் கறை படிவது நிற்கும் வரை தைத்துப் பாருங்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் அது பிசினாகி உள்ளே பிடித்திருக்கும். மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ஊசியைக் கண்டிப்பாக மாற்றுங்கள், 14 நம்பர். பழையதைக் கழற்றும்போதே தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கால் மெஷினில் தோல் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அரை இஞ்ச் வெட்டிவிட்டு மறுபடி கிளிப் மாட்டினால் போதும். துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பாபினைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில்தான்: டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் போயிருக்காது. பிரஷர் காலைத் தூக்கிவைத்து மறுபடி கோத்தால் சரியாகிவிடும்.

இனி நேரம். குடும்ப வேலைக்கு நடுவே யாரும் தொந்தரவு செய்யாத நேரம் தேவைப்படும் கட்டங்கள் இரண்டே: வெட்டுவது, மூன்று அடுக்கையும் விரித்துச் சேர்ப்பது. இரண்டுக்கும் தலா ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பள்ளிக்கூட நேரம் உத்தமம். மற்றதெல்லாம் குக்கர் விசிலுக்கு நடுவில் செய்யும்படியான வேலைகள்.

வெட்டும்போது சதுரத்தின் ஓரம் நேர் இழையில் போக வேண்டும். கிராஸாகப் போனால் கைபட்டாலே நீளும். சதுரத்துக்கான துணிகளுக்கு மட்டும் வெட்டுவதற்கு முன் இலேசாகக் கஞ்சி போடுங்கள், வழுக்காது. உள்ளே வைக்கும் சேலையில் கஞ்சி கூடாது, கை ஊசி திணறும். பிறகு கால் இஞ்ச். ஊசிமுனையிலிருந்து வலப்பக்கம் கால் இஞ்ச் அளந்து, இன்சுலேஷன் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டித் திட்டு மாதிரி செய்துகொள்ளுங்கள். துணி அதில் உரசிக்கொண்டே போகட்டும். சோதனைக்கு 2 இஞ்ச் பட்டை மூன்றை இணைத்து, நடுப்பட்டையை அளந்தால் ஒன்றரை இஞ்ச் மிகச் சரியாக இருக்க வேண்டும். தையல் வெறும் 1/16 இஞ்ச் தள்ளிப்போனாலும் இணைப்புக்கு 1/8 போகும். வரிசைக்கு 7 இணைப்பு என்றால் கிட்டத்தட்ட ஓர் இஞ்சே காணாமல் போகும். வரிசைகள் ஒன்றோடொன்று சேராததற்குக் காரணம் அநேகமாக இதுதான்.

80 சதுரத்தையும் தரையில் பரப்பி, பிடித்த அடுக்கு வந்ததும் மொபைலில் படமெடுத்துவிடுங்கள். வரிசை வரிசையாக இடமிருந்து வலமாக அடுக்கி, மேலே நம்பர் எழுதிய சீட்டோடு ஊக்கு குத்துங்கள். பிள்ளைகள் வந்து வாரிக் கொட்டினாலும் படத்தைப் பார்த்து மீட்டுவிடலாம். தைக்கும்போது ஜோடி ஜோடியாக, நடுவில் நூலை வெட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக மெஷினுக்குக் கொடுங்கள். தோரணம் மாதிரி நீண்டு வரும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். எழுந்து போகும்போது அடுத்த ஜோடியைக் குத்திவைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் யோசிக்காமல் ஆரம்பிக்க அது ஒன்றே வழி. ஒற்றைப்படை வரிசைகளின் மடிப்பை இடப்பக்கமும் இரட்டைப்படையை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி வையுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் முட்டி நின்று மூலை தானாகப் பொருந்தும். பெட்டியை அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள்.

குண்டூசி விஷயத்தில் கண்டிப்பு தேவை. டப்பாவில் 40 வைத்தால் எழும்போது 40 இருக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அடுக்குகளைச் சேர்க்கக் குண்டூசியே வேண்டாம்.

சேர்க்கும் நாளில் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். மல் சேலை காற்றில் ஒரு தரம் தூக்கினால் நாலு மடிப்பும் கலைந்துவிடும். துடைத்துக் காய்ந்த தரையில் பின்துணியை, 40 x 49 அளவில், உள்பக்கம் மேலே தெரிய விரித்து ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்கட்டும், இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி, பின்னால் கொசுவம் விழும். அதே அளவு சேலை, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவி, நாலு இஞ்சுக்கு ஒரு வரி வீதம், பெரிய பெரிய டாக்கா தையல் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் தையல்) நீளவாட்டிலும் அகலவாட்டிலும் போட்டுவிடுங்கள். இதன்பிறகு சுருட்டி எங்கே வைத்தாலும் கலையாது.

மூன்று அடுக்கையும் பிணைக்கும் கைத்தையலுக்கு எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டு போதும். 8 மீட்டர் கட்டில் இரட்டை இழையாக 24 மீட்டர் வரும். இந்த அளவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும் என்பதால் இரண்டு கட்டை ஒரே நாளில் வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒரு மாற்றுக் குறையலாம். நூல் விரல்நுனியிலிருந்து முழங்கை வரை, அதற்கு மேல் நீண்டால் சிக்கும். முடிச்சை மேல்துணிக்குள் வெடுக்கென்று இழுத்து உள்ளே மறைத்துவிடுங்கள். சதுரத்தின் இணைப்பை ஒட்டி ஒரு வரி, சதுரத்தின் நடுவே ஒரு வரி என்று நீளவாக்கில் போனால் மொத்தம் 15 வரி. இஞ்சுக்கு ஐந்தாறு ஓட்டுத் தையல் போதும். பொடியாக இருப்பதைவிடச் சமமாக இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. நடுவரியில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவுக்குத் தள்ளிக்கொண்டே வந்து அங்கே மேடு தட்டும்.

கரைக்குத் தனிப் பட்டை வெட்ட வேண்டியதில்லை. மேல்துணியையும் சேலையையும் ஒரே அளவாக நறுக்கி, பின்துணியை மட்டும் சுற்றிலும் ஓர் இஞ்ச் விட்டு வெட்டுங்கள். அதைப் பாதியாக மடித்து, மறுபடி முன்பக்கம் மடித்தால் அரை இஞ்ச் கரை. சேலையை நறுக்கும்போது கத்தரி பின்துணியையும் சேர்த்துக் கடித்துவிடும். அடியில் ஒரு காலண்டர் அட்டையைச் செருகிக்கொண்டு வெட்டுங்கள்.

மெஷினே இல்லை, ஒட்டுப்போடவும் பொறுமை இல்லை என்றால் கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி முறை இருக்கிறது. பின்துணியின் ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரம் மடித்த துண்டுகளை வைத்து வைத்து, சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையலாக நடுவை நோக்கிப் போவார்கள். இணைப்பதும் குவில்ட் செய்வதும் ஒரே தையலில் முடியும், கரையும் முதலிலேயே முடிந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் கணக்குத் தவறாது என்பதால் கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட வசதியான முறை கிடையாது.

முதல் துவையல் தனியாக, பச்சைத் தண்ணீரில். முறுக்கிப் பிழிந்தால் நூல் அறும். அழுத்தித் தண்ணீரை வடித்து, இரண்டு கொடிகளுக்கு மேலாகப் பரப்பி நிழலில் போடுங்கள். ஒரே கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரம் நடுவரித் தையலை இழுத்துவிடும்.