தையல்காரர் காதலிக்கும் சீனத் தொடரைப் பாதியில் விடாமல் பார்ப்பது எப்படி

ஆறு எபிசோடு முடிந்துவிட்டது, நாயகனும் நாயகியும் இன்னும் கையைக்கூடத் தொடவில்லை, துணி, கத்தரிக்கோல், கடன் கணக்கு, மறுபடியும் துணி என்றே போகிறது. பல பேர் கழன்றுகொள்வது இங்கேதான், நானும் முதல் தடவை அப்படி மூடி வைத்தவன்தான். அப்புறம் மழைநாள் ஒன்றில் வேறு வேலையில்லாமல் திரும்ப ஆரம்பித்தபோதுதான் தப்பு எங்கே என்று பிடிபட்டது. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த வகைத் தொடரில் காதல் கையிலும் துணியிலும் நடக்கிறது.

முதலில் காலத்தைப் பிடியுங்கள். ஆண்கள் முன்மண்டையை மழித்துப் பின்னால் நீளச் சடை போட்டிருந்தால் அது சிங் வம்சக் காலம், 1912க்கு முன்னால். சடை இல்லாமல், டிராமும் கிராமபோனும் வந்தால் குடியரசுக் காலம், பெரும்பாலும் ஷாங்காய். தையல்காரர் கதைகள் அதிகம் நடப்பது இந்த இரண்டாவதில். திரையில் 'குடியரசு 23' என்று ஆண்டு போட்டால் குழம்ப வேண்டாம், 1911ஐக் கூட்டுங்கள், 1934. குடியரசு 26 என்று வந்தால் மட்டும் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அது 1937, அந்த ஆகஸ்டில்தான் ஜப்பான் படையோடு ஷாங்காயில் சண்டை மூண்டது, கடையும் காதலும் அதற்கப்புறம் பழையபடி இருக்காது.

ஆண்டு போடாவிட்டாலும் பரவாயில்லை, சீபாவ் சொல்லிவிடும். சீனப் பெண்கள் போடும் நீள உடை அது, சியோங்சாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதேதான். 1920களில் தொளதொளவென்று, மணி மாதிரி அகன்ற கையோடு இருக்கும். 1929 வாக்கில் முழங்கால் வரை ஏறுகிறது, 1930களின் நடுவில் தரையைத் தொடும் அளவுக்கு இறங்குகிறது, 40களில் மறுபடியும் ஏறி, கையே இல்லாமல் போகிறது. இன்னொன்று, உடை மூடும் இடம் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் மூடுவது பழைய வழக்கப்படி இறந்தவருக்கு உடுத்தும் முறை. நாயகி அப்படி வந்தால் கண்ணாடியில் தெரியும் பிம்பமா என்று பாருங்கள், இல்லையென்றால் உடை அலங்காரக்காரர் கோட்டைவிட்டிருக்கிறார்.

சரி, கடைக்குள் போவோம். ஷாங்காயில் மேற்கத்திய சூட் தைத்துப் பெயர் வாங்கியவர்கள் நிங்போ என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த, ஹோங்பாங் என்று சொல்லப்படும் தையல்காரர்கள். சீன உடை தைப்பவர்களின் கை வேறு. பழைய முறையில் துணியைத் தட்டையாக விரித்து, தோளில் தையலே விழாமல் வெட்டுவார்கள், மேற்கத்திய முறையில் டாட், அதாவது உடலோடு ஒட்டுவதற்காகத் துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பு, வைத்து, கையைத் தனியாக வெட்டி இணைப்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று டாட் வைக்கலாமா கூடாதா என்று சண்டை போட்டால் அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள், என் அனுபவத்தில் பாதித் தொடர்களில் அதுதான் முதல் காதல் காட்சி.

அளவெடுக்கும் காட்சிக்கும் காரணம் இதுவே. தொளதொள உடைக்கு நாலைந்து அளவு போதும். உடலோடு ஒட்டும் சீபாவுக்குக் கழுத்து, அக்குள், இடுப்பு, பக்கவாட்டுப் பிளவு என்று ஏகப்பட்ட அளவு வேண்டும், அதாவது தையல்காரர் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். சப்டைட்டிலில் இடுப்பு இரண்டு அடி என்று வந்தால் சிரிக்காதீர்கள், அவர் சொன்னது இரண்டு 'சி', அது சீன நீள அளவு. 1930 முதல் ஒரு சி என்பது ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, ஆக 66 சென்டிமீட்டர் சொச்சம். அவர் டேப்பைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

நான் ஓட்டாமல் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது பான்கோவ் செய்யும் இடம், அதாவது துணியிலேயே முடியும் பொத்தான். துணியை மூலைவாட்டில், அதாவது கிராஸில், மெல்லிய பட்டையாக வெட்டி, பசை தடவி, மடித்துத் தைத்துக் கயிறு மாதிரி ஆக்குவார்கள். பூ வடிவம் வேண்டுமென்றால் உள்ளே மெல்லிய செப்புக் கம்பி போகும், அப்போதுதான் வளைத்த இடத்தில் நிற்கும். ஒரு பக்கம் முடிச்சு, மறு பக்கம் வளையம், இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பொத்தான். கதாசிரியர்கள் இதை விடுவார்களா? முடிச்சு இவனிடம், வளையம் அவளிடம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு முப்பது எபிசோடு நம்மை அலைய விடுவார்கள். நடுவிரலில் மோதிரம் போல ஏதாவது மின்னினால் நிச்சயதார்த்தமோ என்று பதறாதீர்கள், அது அங்குஸ்தான், தையல்காரருடைய விரல் காப்பு.

காதையும் திறந்து வையுங்கள், ஏனென்றால் அழைக்கும் முறையை சப்டைட்டில் பெரும்பாலும் விழுங்கிவிடும். தொடக்கத்தில் அவள் அவனைக் குடும்பப் பெயரோடு சேர்த்து 'ஷிஃபூ' என்பாள், கைத்தொழில் தெரிந்தவருக்கான மரியாதைச் சொல். அவன் அவளை 'சியாவ்ஜியே' என்பான், 'மிஸ்' என்பது மாதிரி. பிறகு குடும்பப் பெயர் உதிரும், ஒரு நாள் பெயருக்கு முன்னால் 'ஆ' ஒட்டிக்கொள்ளும், ஷாங்காய்ப் பக்கம் நெருக்கமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சப்டைட்டிலில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கும். உதடும் குரலும் ஒட்டாமல் போனால் உங்கள் இணையத்தைத் திட்ட வேண்டாம், வேறு கலைஞர்கள் டப்பிங் பேசுவது அங்கே சாதாரணம்.

வேகத்துக்கு வருவோம். 40 எபிசோடுக்கு மேல் போகக் கூடாது என்று 2020இல்தான் சீன அரசு வழிகாட்டுதல் வந்தது, அதற்கு முந்தைய தொடர்கள் அறுபது எழுபது வரை இழுக்கும். போட்டிக் கடைக்காரன் பட்டு மூட்டைக்குத் தீ வைப்பது, டிசைன் திருட்டு, அத்தையின் சதி, இதெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடட்டும், ஒன்றும் குறையாது. பட்டறையின் உள்ளே போனதும் சாதாரண வேகத்துக்கு வந்துவிடுங்கள். தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடுவது நல்லது, யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பல தொடர்கள் அங்கேயே காட்டிவிடும்.

கடைசி இரண்டு எபிசோடை ஒரே மூச்சில் பாருங்கள். வயதான ஒருவர் பழைய பெட்டியைத் திறந்து மடித்த சீபாவ் ஒன்றை எடுத்தால் உடனே அழ ஆரம்பிக்காமல் கழுத்துப் பொத்தானைக் கவனியுங்கள், வளையத்துக்கு எதிரே முடிச்சு தைத்திருக்கிறதா, இல்லை அந்த இடம் வெறுமையாக இருக்கிறதா என்று.