மெஷின் பின்னலில் துணி கோணுகிறதா? நூலின் முறுக்கைப் பாருங்கள்

பின்னி இறக்கிய பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பலரும் மெஷினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஊசியை மாற்றுவதிலும் எடையை நகர்த்துவதிலும் அரை நாள் போய்விடும். கோணல் பெரும்பாலும் நூலில்தான் இருக்கிறது.

ஒற்றை இழை நூலில் முறுக்கு முழுக்க ஒரே திசையில் ஏறியிருக்கும். அது எப்போதும் பிரியப் பார்க்கும். கண்ணியாக வளைந்தபின் பிரிய வழியில்லாததால் கண்ணியையே திருப்பிவிடும். பிளெயின் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் பார்ப்பதால் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாயும். இசட் முறுக்கு நூலென்றால் நேர்ப்பக்கத்தில் வலமாக, எஸ் முறுக்கென்றால் இடமாக. நூலை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள்: முறுக்கு வரி கீழே இடமிருந்து மேலே வலமாக ஏறினால் இசட், எதிராக ஏறினால் எஸ். திருப்பூரிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறி வரும் பனியன் காட்டன் நூல் கோன்கள் பெரும்பாலும் ஒற்றை இழைதான். கோனிலிருந்து இழுக்கும்போது கூடுதல் முறுக்கு ஏறுகிறது என்பார்கள்; ஒரு மீட்டருக்குச் சில சுற்றுதான் ஏறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கோன் வாங்குமுன் ஒரு மீட்டர் நூலை, முனைகள் சுழலாமல் இழுத்துப் பிடித்து, இரு முனைகளையும் மெல்லச் சேர்க்கவும். நடுவில் தொங்கும் மடிப்பு சும்மா நின்றால் நல்ல நூல். சரசரவென்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் ஸ்வெட்டர் கோணும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் 40 ஊசியில் 60 வரிசை பின்னி, துவைத்து, துண்டின் மேல் பரப்பிக் காயவிடவும். மழைக்காலத்தில் மலையில் ரெண்டு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொடியில் போடாதீர்கள். ஈர எடையில் துணி நீண்டு, அளவு பொய் சொல்லும். காய்ந்ததும் அடிவிளிம்பில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கண்ணி நிரையை (கீழிருந்து மேலே போகும் கண்ணி வரியை) பின்தொடரவும். 20 செ.மீ. உயரத்தில் 1 செ.மீ. விலகியிருந்தால் 5 சதவீதம். அதுவரை உடுப்பில் அவ்வளவாகத் தெரியாது. அதற்கு மேல் போனால் நூலை மாற்றுங்கள்.

எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கிய இரட்டை இழைதான் சரியான மாற்று. ரெண்டு இசட் கோனைச் சேர்த்துப் பின்னினால் கோணல் போகாது, துணிதான் தடிக்கும். ஒரு இசட், ஒரு எஸ் கிடைத்தால் சேர்த்துப் பின்னலாம், ஒன்றையொன்று அடக்கிவிடும். சாண்டிநல்லாவின் நீலகிரி ஆட்டுக் கம்பளியோ மன்னவனூரின் பாரத் மெரினோ ஆட்டுக் கம்பளியோ கையால் நூற்றது என்றால், தனி இழையில் 10 முறுக்குக்குச் சேர்க்கும்போது எதிர்த்திசையில் 7 வரை கேளுங்கள்.

கையில் இருப்பது ஒற்றை இழைதான் என்றால் மெஷினில் கண்ணியின் அளவை வைக்கும் டென்ஷனை ஒரு எண் குறைத்து நெருக்கமாகப் பின்னுங்கள். தளர்ந்த கண்ணிக்குத் திரும்ப இடம் அதிகம். ஒன்றுக்கு ஒன்று ரிப் (ஒரு நிரை நேர்ப்பக்கம், அடுத்தது மறுபக்கம்) போட்டால் கோணல் ஏறக்குறைய மறையும். ரிப்பர் (ரிப் போடும் துணைக் கருவி) இல்லாதவர்கள் சில நிரைகளை இறக்கிவிட்டு, லாட்ச் ஊசியால் (மூடித் திறக்கும் நாக்குள்ள கொக்கி ஊசி) மறுபக்கமாக ஏற்றலாம். வேலை அதிகம், பலன் பாதி.

நூல்கண்டை நனைத்து எடை கட்டிக் காயவைத்தால் முறுக்கு அடங்கியது போலத் தெரியும். முதல் துவைப்பில் திரும்பி வரும். பின்னிய துணியை நேராக்கிக் குண்டூசி குத்தி ஆவி காட்டினால் கம்பளி ஓரளவு நிற்கும், காட்டன் நிற்காது. அக்ரிலிக் நேராகும், ஆனால் ஆவி மிஞ்சினால் துவண்டு, இழுபடும் தன்மையை இழந்துவிடும். பிறகு அந்த ரிப் விளிம்பு மணிக்கட்டைப் பிடிக்காது.