பாலத்தைச் சொல்லாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள்

மலேசியாவின் பினாங்கில், கரைப்பக்கம் இருக்கும் பிறை நகரிலிருந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு ஒரு யோசனை. 1985-இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பினாங்குப் பாலம் காலையில் ஜேம் ஆவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதையே தினமும் தாமதத்துக்குக் காரணமாகச் சொன்னால் சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு, முக்கியமான வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். ஜேம் நம் கையில் இல்லை. கிளம்பும் நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியம், வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதில். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ‘வந்துகிட்டே இருக்கேன் அண்ணே’ என்று தட்டிவிடுகிறோம். பொய் என்றே தோன்றுவதில்லை. அதற்குப் பதிலாக, ‘இப்பத்தான் கிளம்புறேன், எட்டரை ஆகும்ணே’ என்று எழுதிப் பாருங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், திட்டுகூட விழலாம். சரி, விழட்டும். ஆனால் அந்த எட்டரையைத் தவறவிடாதீர்கள். நேர நிர்வாகப் பயிற்சிக்குக் காசு கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பேன். போகப் போக, நீங்கள் சொன்ன நேரத்தை நம்பி மற்றவர்கள் தங்கள் வேலையை வகுத்துக்கொள்வார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பிள்ளையிடம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இழுக்காமல், முடியாததை முடியாது என்றே சொல்லிவிடுங்கள்.