நியூக்ளியஸ் தியரி நம்பருக்கு எரர் பார் போடுறது எப்படி

ஈயம்-208ஓட நியூட்ரான் ஸ்கின் (நியூக்ளியஸோட ஓரத்துல புரோட்டான தாண்டி நியூட்ரான் நீட்டிக்கிட்டு இருக்கற அடுக்கு) எவ்ளோ தடிமன்னு கணக்கு போட்டீங்கன்னு வைங்க, வெறும் 0.17 ஃபெம்டோமீட்டர்னு எழுதிட்டு போயிடாதீங்க, பிழை எவ்ளோன்னு, அதான் எரர் பார், சொல்லாத நம்பர வச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

முதல்ல பேராமீட்டர் பிழை, அதாவது டேட்டாவுக்கு ஒத்துப்போற மாதிரி மாடல்ல வச்ச நம்பர்கள்ல இருக்கற பிழை. ஃபிட் பண்ணப்ப வந்த கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ்ல (அந்த நம்பர்கள் தனியாவும் சேந்தும் எவ்ளோ ஆடலாம்னு சொல்ற அட்டவணை) இருந்து நூத்துக்கணக்கா சாம்பிள் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் திரும்ப கணக்கு ஓட்டி, விடை எவ்ளோ பரவுதுன்னு பாருங்க. இது ஈஸி.

கஷ்டம் மாடலே தப்பா இருந்தாதான். கைரல் தியரின்னா (நியூக்ளியஸ் விசைய முக்கியமான டெர்ம்ல ஆரம்பிச்சு படிப்படியா எழுதற முறை) ஆர்டர் ஆர்டரா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் விடை எவ்ளோ நகருதுன்னு பாத்து, விட்டுப்போன அடுத்த டெர்ம் எவ்ளோ இருக்கும்னு கெஸ் பண்ணலாம். ஸ்கிர்ம் (டேட்டாவுக்கு ஃபிட் பண்ணி எடுக்கற எளிய விசை ஃபார்முலா) மாதிரி மாடல்ல அந்த வசதி இல்ல, அதனால பல மாடல ஒப்பிடுவாங்க, ஆனா எல்லாமே ஒரே டேட்டாவுக்கு ஃபிட் பண்ணதுன்னா ஒத்துப்போறது பெரிய விஷயமே இல்லங்க.

அப்புறம் சோதனையோட ஒப்பிடுங்க. அமெரிக்காவோட ஜெஃபர்சன் லேப்ல இந்த ஸ்கின்ன அளந்த ப்ரெக்ஸ்-2 சோதனை 2021ல சொன்னது 0.283 ஃபெம்டோமீட்டர், கூட்டல் கழித்தல் 0.071. 2022ல வந்த அப் இனிஷியோ கணக்கு (நியூக்ளியான்களுக்கு நடுவுல இருக்கற விசைல இருந்தே நேரா போடுறது) 0.14ல இருந்து 0.20 வரைக்கும்னு 68 சதவீத ரேஞ்ச் குடுத்துச்சு. ரெண்டும் தொடலயே, தியரி ஃபெயில்னு உடனே கத்தாதீங்க, ரெண்டு சிக்மா வரைக்கும், அதாவது எரர் பார ரெண்டு மடங்கா, விரிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்.